அக்ரிலிக் பல்செட்டுக்கு நானோ துகள் வலிமை தருவது எப்படி?

மேல்தாடைக்கான முழுப் பல்செட் உடையும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் உடைகிறது. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே தொடங்கும் விரிசல் அண்ணத்தின் நடுக்கோட்டு வழியே பின்னோக்கி ஓடி, பல்செட்டை இரண்டு பாதிகளாகப் பிளந்துவிடுகிறது. கை தவறிக் கீழே விழுந்து உடைந்தது என்றால் காரணம் எளிதில் விளங்கும். ஆனால் கடினமாக எதையும் கடிக்காமல், சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே பிளந்துவிட்டது என்று வியப்புடன் சொல்பவர்களும் பலர் உண்டு. அவர்கள் சொல்வது உண்மைதான். அந்த ஒரு வாய்ச் சோறு பல்செட்டை உடைக்கவில்லை. பல மாதங்களாகவோ ஆண்டுகளாகவோ கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்துவந்த ஒரு விரிசல் அந்த வேளையில் தன் பயணத்தை முடித்துக்கொண்டது.

பற்களை இழந்தபின் தாடை எலும்பு மெல்ல மெல்லக் கரைந்து தாழ்கிறது. பல்செட்டின் இரு ஓரங்களையும் தாங்கிநிற்கும் எலும்பு மேடு இவ்வாறு தேய்ந்துபோகும்போது, அண்ணத்தின் நடுவிலுள்ள கடினமான பகுதி மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறை மெல்லும்போதும் பல்செட் அந்த நடுமேட்டின்மீது ஏற்றப்பலகைபோல் அமர்ந்து, இருபுறமும் சற்றே வளைகிறது. மேலுதட்டை ஈறுடன் இணைக்கும் சவ்வு மடிப்பு உறுத்தாமலிருக்க முன்விளிம்பில் ஒரு சிறு வெட்டு விடப்பட்டிருக்கும்; வளைவினால் உண்டாகும் இழுவிசை அந்த வெட்டின் முனையில் குவிகிறது. இந்த வளைவு ஆண்டுக்கு இலட்சக்கணக்கான முறை நிகழ்கிறது. ஒரே முறை வளைத்தால் உடையாத கம்பி திரும்பத் திரும்ப வளைத்தால் அறுந்துபோவதைப் போன்றதுதான் இதுவும்.

இந்த முறிவைத் தள்ளிப்போடுவதற்கான பல முயற்சிகளில் ஒன்றுதான் பல்செட்டின் இளஞ்சிவப்பு அடித்தளத்துக்குள் நானோ துகள்களைக் கலப்பது. அந்த முயற்சியின் அடிப்படையை, பொருளறிவியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். துகளின் பெயரைவிட, துகளும் அக்ரிலிக்கும் ஒன்றையொன்று தொடும் பரப்பில் என்ன நடக்கிறது என்பதே இங்கு முக்கியம் என்று நான் கருதுகிறேன். அதனால் கட்டுரையின் பெரும்பகுதி அந்தப் பரப்பைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

அடித்தளம் எதனால் ஆனது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பல்செட்டின் அடித்தளம் வல்கனைட் எனப்பட்ட கெட்டி ரப்பரால் செய்யப்பட்டது. சார்லஸ் குட்இயர் 1839இல் கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் வழியைக் கண்டறிந்ததன் தொடர்ச்சியாக வந்த பொருள் அது. உறுதியானதுதான், ஆனால் ஈறின் நிறத்துக்கு அருகில்கூட அதனால் வர முடியவில்லை. 1937இல் வால்டர் ரைட் மெத்தில் மெத்தாக்ரிலேட் பிசினைப் பல்செட்டுக்குப் பயன்படுத்தி அறிக்கை தந்தபின், சில ஆண்டுகளிலேயே அக்ரிலிக் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதன் முழுப்பெயர் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். கண்ணாடிக்கு மாற்றாகப் பயன்படும் அக்ரிலிக் தகடும் அடிப்படையில் இதே பொருள்தான். விலை குறைவு, எடை குறைவு, நிறம் பொருத்தம், எளிய கருவிகளைக் கொண்டே செய்துவிடலாம் என்னும் வசதி ஆகியவை சேர்ந்து அதை இன்றுவரை நிலைநிறுத்தியிருக்கின்றன.

பல் லேபில் இது ஒரு பொடியாகவும் ஒரு திரவமாகவும் வருகிறது. பொடி என்பது ஏற்கெனவே பாலிமராக, அதாவது சிறு மூலக்கூறுகள் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலிகளாக, ஆகிவிட்ட மிகச் சிறிய மணிகள். அவற்றோடு வினையைத் தொடங்கிவைக்கும் பென்சாயில் பெராக்சைடும், நிறமிகளும், இரத்த நாளங்களைப் போன்ற தோற்றம் தரும் சிவப்பு இழைகளும் இருக்கும். திரவம் என்பது மெத்தில் மெத்தாக்ரிலேட் மோனோமர், அதாவது அந்தச் சங்கிலிகளின் இன்னும் கோக்கப்படாத தனிக் கண்ணிகள்; சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் வேதிப்பொருள் ஒன்றும் அதில் சிறிதளவு கலந்திருக்கும். பருமனில் ஏறத்தாழ மூன்று பங்கு பொடிக்கு ஒரு பங்கு திரவம் சேர்த்தால், கலவை முதலில் ஈர மணல்போல் இருக்கும். பின் தொட்டால் நூல் இழுக்கும். அதன்பின் பிசைந்த மாவின் பதத்துக்கு வரும். அந்தப் பதத்தில்தான் அதை அச்சில் அழுத்தி, நீரில் ஏறத்தாழ 74 பாகை செல்சியஸில் எட்டு மணி நேரம் போல வைத்து இறுகச் செய்கிறார்கள். அவசரப்பட்டு வெப்பத்தை விரைவாக ஏற்றினால், நூறு பாகைக்குச் சற்று மேல் கொதிக்கும் மோனோமர் உள்ளேயே ஆவியாகி நுண்குமிழிகளை விட்டுச்செல்லும்.

குமிழிகள் மட்டும் குறை அல்ல. மோனோமர் பாலிமராகும்போது சுருங்குகிறது. திரவம் மட்டும் என்றால் பருமனில் 21 விழுக்காடும், பொடியுடன் கலந்த நிலையில் சுமார் 7 விழுக்காடும் சுருக்கம் இருக்கும். வினையில் சேராத மோனோமர் சிறிதளவு எப்போதும் உள்ளே தங்கிவிடுகிறது. வாயில் அணிந்தபின் அக்ரிலிக் நீரை உறிஞ்சுகிறது. அந்த நீர் பாலிமர்ச் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றைத் தளர்த்துகிறது. ஆகவே பல்செட்டின் அடித்தளம் என்பது பிறக்கும்போதே சிறு குறைகளைத் தன்னுள் கொண்ட பொருள். விரிசல் புதிதாக எங்கும் பிறக்க வேண்டியதில்லை. காத்திருக்கும் ஏதேனும் ஒரு குறையிலிருந்து அது வளரத் தொடங்கினால் போதும்.

வலிமையை எப்படி அளக்கிறார்கள்?

நானோ துகள் பற்றிய எந்த ஆய்வைப் படித்தாலும் 'வளைவு வலிமை' என்ற சொல் முதலில் வந்து நிற்கும். ஐஎஸ்ஓ 20795-1 என்ற பன்னாட்டுத் தரநிலை இதற்கான சோதனையை வகுத்திருக்கிறது. 64 மில்லிமீட்டர் நீளம், 10 மில்லிமீட்டர் அகலம், 3.3 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு பட்டையைச் செய்து, 37 பாகை நீரில் ஏறத்தாழ 50 மணி நேரம் ஊறவைத்து, 50 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு தாங்கிகளின்மீது கிடத்தி, நடுவில் அது உடையும்வரை அழுத்துவார்கள். வெப்பத்தால் இறுகும் வெப்பமுறை அக்ரிலிக் குறைந்தது 65 மெகாபாஸ்கல் (ஒரு பரப்பின்மீது வரும் விசையை அளக்கும் அலகு) தாங்க வேண்டும். வெப்பமின்றித் தானே இறுகும் வகைக்கு 60 போதும். 65 மெகாபாஸ்கல் என்பதை இந்தப் பட்டையின் அளவுகளைக் கொண்டு கணக்கிட்டால் ஏறத்தாழ 94 நியூட்டன் விசை வருகிறது. பட்டையின் நடுவில் ஒன்பதரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு அது சமம்.

இந்தக் கணக்கில் தடிப்பு இருமடியாக வருகிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 3.3 மில்லிமீட்டர் பட்டை 2.3 ஆக மெலிந்தால், பொருள் மாறாமலேயே அது தாங்கும் விசை பாதிக்கும் கீழே போய்விடும். எந்தத் துகளும் ஈடுகட்ட முடியாத இழப்பு அது. மெருகேற்றும்போது அளவுக்கு மீறித் தேய்த்துவிட்ட பல்செட்டுக்கும், தாடையோடு பொருந்தாமல் ஆடும் பல்செட்டுக்கும் நானோ துகள் மருந்தாகாது. பொருளை மேம்படுத்துவது பற்றிப் பேசும்போது இந்த எளிய உண்மை மறக்கப்படுகிறது என்பது என் வருத்தம்.

வளைவு வலிமை தவிர, திடீர் அடியைத் தாங்கும் திறன், ஏற்கெனவே உள்ள விரிசல் பரவுவதை எதிர்க்கும் திறன், மீண்டும் மீண்டும் வளைக்கப்படும்போது நீடிக்கும் திறன் என்று வேறு அளவைகளும் உண்டு. இவை ஒன்றோடொன்று கட்டாயம் சேர்ந்தே உயரும் என்று எண்ணக் கூடாது. ஒரு பொருளை விறைப்பாக்கினால் அது வளையாமல் நிற்கலாம். அதே விறைப்பு, கீழே விழும்போது எளிதில் சிதறவும் வைக்கலாம். சோற்றின்போது பிளப்பதும் தரையில் விழுந்து உடைவதும் வெவ்வேறு கேள்விகள். எந்த அளவை எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்று பார்த்துத்தான் ஓர் ஆய்வின் முடிவை ஏற்க வேண்டும்.

விரிசலின் வழியில் தடை வைத்தல்

1921இல் ஏ. ஏ. கிரிஃபித் கண்ணாடியை ஆராய்ந்து ஓர் அடிப்படையான கருத்தை முன்வைத்தார். நொறுங்கும் தன்மையுள்ள ஒரு பொருளின் நடைமுறை வலிமையைத் தீர்மானிப்பவை அதிலுள்ள நுண்ணிய வெடிப்புகள். விரிசல் மேலும் ஓடுவதால் வெளிப்படும் ஆற்றல், புதிய பரப்புகளை உண்டாக்கத் தேவைப்படும் ஆற்றலைவிட மிகுந்துவிட்டால் விரிசல் தானாகவே ஓடத் தொடங்கும். அக்ரிலிக் இளகும் வெப்பநிலை நூறு பாகைக்கும் மேல் இருப்பதால், வாயின் 37 பாகையில் அது கண்ணாடியின் உறைந்த நிலையிலேயே இருக்கிறது; சங்கிலிகள் நழுவி நெகிழ்ந்துகொடுக்க வழி குறைவு. ஆகவே விரிசல் ஓடுவதற்கு ஆகும் செலவை எப்படியாவது கூட்டிவிடுவதே வலுவூட்டலின் உள்நோக்கம்.

பழைய வழிகள் இதைப் பெரிய அளவில் செய்தன. அடித்தளத்துக்குள் உலோகக் கம்பியோ வலையோ பதிப்பது பல காலமாக இருந்துவரும் பழக்கம். ஆனால் உலோகத்தை அக்ரிலிக் வேதியியல்வழியில் பற்றிக்கொள்வதில்லை என்பதால், கம்பியைச் சுற்றியுள்ள இடமே சில வேளைகளில் புதிய பலவீனமாகிவிடுகிறது. ரப்பர் கலந்த அக்ரிலிக் அடியை நன்றாகத் தாங்கும். விலை கூடுதல், விறைப்பு சற்றுக் குறைவு. கண்ணாடி இழை மிகச் சிறந்த பலன் தரக்கூடியது, மண்சுவரில் வைக்கோல் வேலை செய்வதைப் போல. ஆனால் இழையைப் பிசினில் முழுமையாக நனைத்து, இழுவிசை வரும் திசையில் சரியாகக் கிடத்துவது கைத்திறன் கேட்கும் வேலை. பொடியோடு கலந்துவிட்டால் வழக்கமான முறையிலேயே பல்செட்டைச் செய்துவிடலாம் என்பதே துகளின் கவர்ச்சி.

துகள் ஏன் நானோ அளவில் இருக்க வேண்டும்? நானோ துகள் என்பது ஏறத்தாழ 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ளது. மனிதத் தலைமுடியின் தடிப்பு 50,000 முதல் 1,00,000 நானோமீட்டர். ஜிர்கோனியா, அதாவது ஜிர்கோனியம் உலோகத்தின் ஆக்சைடு, துகளை எடை அளவில் 5 விழுக்காடு சேர்ப்பதாகக் கொள்வோம். ஜிர்கோனியா அக்ரிலிக்கைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அடர்த்தியானது. ஆகவே எடையில் 5 விழுக்காடு என்பது பருமனில் வெறும் 1 விழுக்காடுதான். இந்த 1 விழுக்காட்டை 50 மைக்ரோமீட்டர் உருண்டைகளாகச் சேர்த்தால், ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் ஒன்றரை இலட்சம் உருண்டைகள் இருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 0.19 மில்லிமீட்டர் தொலைவு. அதையே 50 நானோமீட்டர் உருண்டைகளாகச் சேர்த்தால் எண்ணிக்கை நூறு கோடி மடங்கு பெருகி நூற்றைம்பது இலட்சம் கோடியாகிறது. இடைத்தொலைவு 190 நானோமீட்டராகச் சுருங்குகிறது. முன்பு ஒரு மில்லிமீட்டரில் ஐந்து தடைகளைச் சந்தித்த விரிசல், இப்போது ஐயாயிரம் தடைகளைச் சந்திக்கிறது.

இதைவிட முக்கியமானது தொடுபரப்பு. பெரிய உருண்டைகளாக இருந்தபோது ஒரு கன சென்டிமீட்டருக்குள் துகளும் அக்ரிலிக்கும் தொட்டுக்கொண்ட பரப்பு 12 சதுர சென்டிமீட்டர். நானோ உருண்டைகளாக ஆனபின் அது 1.2 சதுர மீட்டர். பல்செட்டின் அடித்தளம் பதினைந்து கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பொருளுக்குள் 18 சதுர மீட்டர், அதாவது ஓர் அறையின் தரை அளவுக்கு, தொடுபரப்பு மடிந்து கிடக்கிறது. அந்தப் பரப்பு முழுவதும் அக்ரிலிக் துகளை இறுகப் பற்றியிருந்தால், விசை அக்ரிலிக்கிலிருந்து துகளுக்கு இடம்பெயரும். ஓடிவரும் விரிசல் துகளைச் சுற்றி வளைந்து நெளிந்து செல்ல நேரும். இரு துகள்களுக்கு இடையே சிக்கிய விரிசல்முனை வில்போல் வளையும். துகள் பிடியை விடும் இடத்தில்கூடச் சுற்றியுள்ள பாலிமர் சற்றே நீண்டு ஆற்றலை விழுங்கும். மாறாக, பிடிப்பே இல்லாவிட்டால் அந்த 18 சதுர மீட்டரும் முன்கூட்டியே பிளந்துவைத்த பரப்பாகிவிடும்.

பிடிப்பு எப்படி வருகிறது?

ஜிர்கோனியா, சிலிக்கா, அலுமினா போன்ற ஆக்சைடுகளின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் எனப்படும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் குழுக்கள் இருக்கின்றன. அவை நீரை விரும்பும். அக்ரிலிக்கோ கரிமப் பொருள். எண்ணெய்ப் பாத்திரத்தில் வெறும் நீரை ஊற்றினால் ஒட்டாமல் ஓடுவதுபோல, இவ்விரண்டும் இயல்பாக நெருங்குவதில்லை. இரண்டையும் இணைக்கப் பயன்படுவது சிலேன் எனப்படும் இருமுனை மூலக்கூறு. பல் மருத்துவத்தில் பெரிதும் பயன்படும் வகையின் ஒரு முனையில் சிலிக்கானோடு இணைந்த மெத்தாக்சிக் குழுக்கள் மூன்று உள்ளன. அவை நீரால் மாற்றமடைந்து துகளின் மேற்பரப்பிலுள்ள ஹைட்ராக்சிலோடு பிணைந்துகொள்கின்றன. மறுமுனையில் இருப்பது மெத்தாக்ரிலேட் குழு. அதாவது மோனோமர்த் திரவத்தில் உள்ள அதே வேதியமைப்பு. பல்செட் இறுகும்போது வளர்ந்துவரும் பாலிமர்ச் சங்கிலி இந்த முனையையும் தன் கண்ணிகளில் ஒன்றாகக் கோத்துக்கொள்கிறது. இவ்வாறு துகள், அக்ரிலிக்குக்குள் சிறைப்பட்ட அந்நியப் பொருளாக இல்லாமல், சங்கிலியோடு வேதிப்பிணைப்பால் கட்டுண்டதாக மாறுகிறது. சிலேன் பூசாத துகளைக் கலந்து ஏமாற்றமடைந்த முடிவுகளையும், பூசிக் கலந்து பெற்ற முடிவுகளையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடுவது சரியாகாது.

ஆனால் பிடிப்புக்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு: துகள்கள் உண்மையில் தனித்தனியாக நிற்கின்றனவா? துகள் சிறுத்தால் மேற்பரப்பு பெருகும். மேற்பரப்பு பெருகினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் விருப்பமும் பெருகும். கேழ்வரகு மாவை நேரே கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டிவிடும். கட்டியின் வெளிப்புறம் வெந்திருக்கும், உடைத்துப் பார்த்தால் உள்ளே உலர்ந்த மாவு அப்படியே இருக்கும். நானோ துகள் கட்டி தட்டும்போதும் இதேதான் நிகழ்கிறது. பிசின் உட்புக முடியாத ஒரு திரள் உருவாகிறது. பெயரளவில் 50 நானோமீட்டர் துகளாக இருந்தது, நடைமுறையில் பல மைக்ரோமீட்டர் அளவுள்ள, உள்ளே பிணைப்பற்ற ஒரு குறையாக அமர்ந்துவிடுகிறது. கிரிஃபித் சொன்ன நுண்வெடிப்பை நாமே கையால் வைத்ததாக ஆகிவிடும்.

கூழ் காய்ச்சுபவர்கள் மாவை முதலில் குளிர்ந்த நீரில் கரைத்துக்கொள்வதைப் போல, ஆய்வகங்களில் துகளை முதலில் மோனோமர்த் திரவத்தில் இட்டு, மீயொலி அதிர்வால் திரள்களை உடைத்து, அவை மீண்டும் படிந்துவிடுவதற்குள் பொடியைச் சேர்க்கிறார்கள். பொடியோடு துகளை உலர்வாகவே அரைத்துக் கலக்கும் முறையும் உண்டு. மீயொலி தரும்போது திரவம் சூடேறும் என்பதால் கலத்தைக் குளிர்வித்துக்கொண்டே செய்ய வேண்டும். இல்லையென்றால் மோனோமர் ஆவியாகிக் கலவையின் விகிதம் மாறிவிடும். பொடியும் திரவமும் கலந்தபின்னும் ஒரு தடை இருக்கிறது. பொடியின் மணிகள் பல பத்து மைக்ரோமீட்டர் அளவுள்ளவை. அவற்றின் மேல்தோல்தான் மோனோமரில் ஊறிக் கரைகிறது, உட்புறம் பெரிதும் பழையபடியே நிற்கிறது. ஆகவே துகள்கள் பல்செட் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. மணிகளுக்கு இடையேயுள்ள வழிகளில்தான் அவற்றுக்கு இடம். மேலே நான் தந்த 190 நானோமீட்டர்க் கணக்கு துகள்கள் எங்கும் சமமாகப் பரவியதாகக் கொண்ட கணக்கு. உண்மையில் அந்த வழிகளில் நெரிசல் அதைவிட அதிகம்.

அளவைக் கூட்டக் கூட்ட வலிமை ஏறிக்கொண்டே போகாது என்பதற்கு இதுவே காரணம். பல ஆய்வுகளில் ஒரே வகைப் படம் கிடைக்கிறது: சில விழுக்காடு வரை வளைவு வலிமை உயர்கிறது, ஓர் உச்சத்தை அடைகிறது, பின் இறங்குகிறது. உச்சம் எந்த விழுக்காட்டில் வருகிறது என்பது ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. துகளின் அளவு, சிலேன் பூச்சு, கலந்த முறை, பயன்படுத்திய அக்ரிலிக் ஆகிய எல்லாம் மாறும்போது உச்சம் மட்டும் ஓரிடத்தில் நிற்க முடியாது. 'நானோ ஜிர்கோனியா இத்தனை விழுக்காடு சிறந்தது' என்று ஓர் எண்ணை மட்டும் எடுத்துச் சொல்வது, உப்பின் அளவைச் சொல்லிவிட்டு எந்தக் குழம்புக்கு என்று சொல்லாமல் விடுவதைப் போன்றது.

எந்தத் துகள்?

பல்செட் வலிமைக்காக மிகுதியாக ஆராயப்பட்டவற்றுள் ஜிர்கோனியாவுக்கு முதன்மையான இடம் உண்டு. கடினம், வெண்ணிறம், திசுக்களோடு ஒத்துப்போகும் தன்மை ஆகிய மூன்றும் அதற்குச் சாதகம். கூடுதலாக இன்னொரு சிறப்பையும் சொல்வார்கள். ஜிர்கோனியாவின் படிக அமைப்பு நெருக்கடியான விசை வரும்போது ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாறி, பருமனில் சுமார் 4 விழுக்காடு விரிந்து, விரிசலின் முனையை அழுத்தி மூடிவிடும் என்பது 1975இல் ஆஸ்திரேலியாவில் கார்வியும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட புகழ்பெற்ற முடிவு. முழுவதும் ஜிர்கோனியாவால் ஆன பல் உறைகளின் உறுதிக்கு அது உண்மையான காரணம். ஆனால் அதே விளக்கத்தை அப்படியே அக்ரிலிக்குக்கும் கொண்டுவந்து பொருத்துவதை நான் ஏற்கத் தயங்குகிறேன். ஜிர்கோனியா உறைக்குள் ஒவ்வொரு மணியும் தன்னைப் போலவே விறைப்பான மணிகளால் சுற்றி இறுக்கப்பட்டிருக்கிறது. பல்செட்டில் பருமனில் 1 விழுக்காடாகச் சிதறிய துகளைச் சுற்றியிருப்பதோ அதைவிடப் பல பத்து மடங்கு விறைப்புக் குறைந்த அக்ரிலிக். அந்த மென்மையான படுக்கையில் துகளை வடிவம் மாறச் செய்யும் அளவுக்கு விசை சென்று சேர்வது கடினம். விரிசலைத் திசைதிருப்புவதும் தொடுபரப்பில் ஆற்றலை விழுங்குவதுமே இங்கு பெரும்பங்கு வகிக்கும் என்று கொள்வது பொருத்தம்.

டைட்டானியம் டை ஆக்சைடு பல்செட்டுக்குப் புதியதல்ல. ஒளி ஊடுருவலைக் குறைக்கும் நிறமியாக அது ஏற்கெனவே பொடியில் சிறிதளவு இருக்கலாம். புற ஊதா ஒளியில் அது வினையூக்கியாகச் செயல்பட்டு நுண்ணுயிரிகளை அழிக்கும் என்பதால், பல்செட்டின் அடியில் வளர்ந்து அண்ணத்தைப் புண்ணாக்கும் காண்டிடா பூஞ்சைக்கு எதிராகவும் அதை ஆராய்கிறார்கள். ஆனால் வாய்க்குள் புற ஊதா ஒளி இல்லை. ஒளி படும்போதோ, நுண்ணுயிரியைத் தாக்கும் அதே வினை பாலிமரையும் தாக்கக்கூடும். வெள்ளித் துகளுக்கும் பூஞ்சை எதிர்ப்புதான் பெருமை. வலிமைக்காக அதைச் சேர்ப்பதில் பொருளில்லை, ஏனெனில் அதன் பரப்பு சிலேனை ஆக்சைடுபோல் ஏற்பதில்லை. சிலிக்காவின் மேற்பரப்பில் சிலேன் மிக நன்றாகப் பிணைகிறது. அலுமினா வெப்பத்தை நன்கு கடத்தும் பொருள்; உணவின் சூட்டை அண்ணம் உணரவேண்டும் என்ற நோக்கத்தில் அதைச் சேர்க்கிறார்கள்.

நிறம் என்பது அழகுக்காக மட்டும் பார்க்க வேண்டிய ஒன்றல்ல. துகள்கள் உள்ளே எப்படி இருக்கின்றன என்பதற்கு அது சான்றும் ஆகிறது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் அக்ரிலிக்குக்கு 1.49. சிலிக்காவுக்கு 1.46; இரண்டும் நெருக்கம் என்பதால் சிலிக்கா சேர்ந்த அடித்தளம் தன் மெல்லிய ஒளிபுகும் தன்மையைப் பெரிதும் இழப்பதில்லை. ஜிர்கோனியாவுக்கு அது 2க்கும் மேல், டைட்டானியம் டை ஆக்சைடுக்கு ரூட்டைல் என்னும் படிக வடிவில் 2.6க்கும் மேல்; ஒளி அங்கங்கே சிதறி, ஈறின் இளஞ்சிவப்பு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிவிடும். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள் தனியாக நின்றால் சிதறல் குறைவு. திரண்டுவிட்டால் சிதறல் மிகுதி. ஆகவே ஒரே அளவு துகள் கலந்த இரண்டு பட்டைகளில் ஒன்று மட்டும் கூடுதலாக வெளிறியிருந்தால், அதில் கட்டி தட்டியிருக்கிறது என்று ஐயப்பட இடமுண்டு. வெள்ளித் துகளோ நீல ஒளியை உறிஞ்சி அடித்தளத்தை மஞ்சள் கலந்த பழுப்பாக்கிவிடுகிறது. அதனால் முன்பற்களுக்கு மேலுள்ள, சிரித்தால் தெரியும் பகுதியில் அதைப் பயன்படுத்துவது கடினம்.

பல்செட் அணிபவர் எதை எதிர்பார்க்கலாம்?

ஆய்வுகள் காட்டும் வளைவு வலிமை உயர்வு உண்மைதான். ஆனால் பருமனில் ஒரு விழுக்காடு சேர்த்த பொருளிடம் அற்புதங்களை எதிர்பார்க்கக் கூடாது. விறைப்பு சிறிதளவே கூடும். அடியைத் தாங்கும் திறனில் முடிவுகள் ஒரே திசையில் இல்லை. சிலவற்றில் கூடியிருக்கிறது, சிலவற்றில் குறைந்திருக்கிறது. கீழே விழுந்து உடைவதே ஒருவருக்குத் தொடர் தொல்லையாக இருந்தால், ரப்பர் கலந்த அக்ரிலிக்கோ இழையோ அவருக்குக் கூடுதலாக உதவும். மேலும், நம்மிடம் உள்ள சான்றுகளில் பெரும்பகுதி நேர்த்தியாகச் செய்த செவ்வகப் பட்டைகளை ஒரே முறை அழுத்தி உடைத்ததால் கிடைத்தவை. வளைந்த அண்ணமும், பற்கள் பதிந்த குழிகளும், சூடும் குளிரும் மாறி மாறி வரும் வாயும், இலட்சக்கணக்கான மெல்லல்களும் சேர்ந்த நிலை அந்தப் பட்டைக்கு இல்லை. சிலேன் பிணைப்பை நீர் காலப்போக்கில் சிதைக்கக்கூடும் என்பதால், 50 மணி நேரம் ஊறிய பட்டையின் வலிமையைக் கொண்டு ஐந்தாண்டு அணிந்த பல்செட்டை மதிப்பிட முடியாது.

பாதுகாப்பு பற்றிய கேள்வியில், வாயில் அணிபவரைவிட அதைச் செய்பவரைப் பற்றியே நான் கூடுதலாகக் கவலைப்படுகிறேன். இறுகிய பாலிமருக்குள் பிணைந்த துகள் எளிதில் வெளியேறாது. தேய்மானத்தால் வெளியேறக்கூடிய அளவை உயிரியல் சோதனைகளில் அளந்து பார்க்க வேண்டும். ஆனால் உலர்ந்த நானோ பொடியை எடைபோட்டு அளப்பவரும், இறுகிய பல்செட்டைச் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுபவரும் அந்தத் தூசியை மூச்சோடு உள்ளிழுக்கிறார்கள். நுண்ணிய டைட்டானியம் டை ஆக்சைடைச் சுவாசிப்பது மனிதருக்குப் புற்றுநோய் தர வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையால் வைக்கப்பட்டிருக்கிறது. சிறு லேப்களில் தூசி உறிஞ்சும் அமைப்பு இல்லாமல், துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நாள் முழுதும் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். நனைத்துத் தேய்ப்பதும், துகளைத் தடுக்கும் தரமான முகக்கவசமும், உறிஞ்சும் விசிறியும் இல்லாத இடத்துக்கு இந்தப் பொடி போகக் கூடாது.

நானோ துகளுக்கு மிகப் பொருத்தமான இடம் முழுப் பல்செட்டைவிடச் சிறியதாகவும் இருக்கலாம். நடுவே பிளந்த பல்செட்டை ஒட்டும்போது, உடைந்த இரு விளிம்புகளையும் சற்றே சாய்வாகத் தேய்த்து, மோனோமரால் நனைத்து, இடைவெளியை வெப்பமின்றி இறுகும் அக்ரிலிக்கால் நிரப்புகிறார்கள். அந்த அக்ரிலிக் இயல்பாகவே வெப்பமுறை வகையைவிட வலுக் குறைந்தது. அதில் தங்கும் மோனோமரும் கூடுதல், தரநிலையே அங்கு 2.2 விழுக்காட்டுக்குப் பதில் 4.5 வரை அனுமதிக்கிறது. ஒட்டிய பல்செட் அதே இடத்தில் மீண்டும் உடைவது அதனால்தான் வியப்பாக இல்லை. இங்கே நிரப்ப வேண்டியது சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் இடைவெளி மட்டுமே. துகளின் அளவு மிகக் குறைவு, நன்றாகப் பரப்புவது எளிது, அண்ணத்தின் பக்கம் என்பதால் நிறம் சற்று வெளிறினாலும் யாருக்கும் தெரியாது. சிலேன் பூசிய ஜிர்கோனியாவை இந்த ஒட்டுப் பிசினில் கலந்து சோதித்தபோது, ஒட்டிய இடத்தின் வளைவு வலிமை உயர்ந்ததை ஆய்வகங்கள் பதிவு செய்திருக்கின்றன.